துரைக்கு வாய்ப்புண்

பயப்படாதீர்கள், கடிக்காது. உங்கள் பூனைதான் இவனைக் கடித்துவிடும் போலப் பார்க்கிறது. கூடையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்திக்கொள்ளுங்கள், இவன் பாட்டுக்கு இருப்பான். ஓணான் இல்லைங்க. ஓணான் மாதிரிதான், ஆனால் ஆஸ்திரேலியா. கழுத்தில் தாடி இருக்கிறது பாருங்கள், கோபம் வந்தால் அது கறுத்துப் புடைக்கும். தாடி ஓணான் என்று நாங்கள் சொல்வோம். என் மகள் இங்கிலீஷில் என்னமோ டிராகன் என்பாள். டிராகன் என்றால் நெருப்புக் கக்குமாமே. இவன் கக்கினதெல்லாம் சீழ்தான்.

ஏனுங்க, உங்களிடம் ஓர் உதவி. என் மகள் வண்டி நிறுத்த இடம் தேடிப் போயிருக்கிறாள். இந்தத் தெருவில் இடம் கிடைத்து அவள் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். அவள் வந்து உட்கார்ந்ததும் நான் இவன் வாயைத் திறந்து காட்டுவேன். நீங்கள் எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சிவப்பாக இருக்கிறதே என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அது போதும். பொய் சொல்லச் சொல்லவில்லை. பார்த்துவிட்டுத்தான் சொல்லப் போகிறீர்கள். சிவப்பாகப் பார்த்தால் சிவப்பாகத்தான் தெரியும்.

ஏன் என்று கேட்கிறீர்கள். கேட்கத்தான் வேண்டும். இன்றைக்கு டாக்டர் இவனுக்கு வாய் ஆறிவிட்டது என்று சொல்லிவிட்டால், நாளைக்கே என் மகள் இவனைப் பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். போகட்டும், எனக்கென்ன. எனக்கு நிம்மதிதான். ஆனாலும் புண் முழுசாக ஆறாமல் ஒரு ஜீவனை அவ்வளவு தூரம் அனுப்பலாமா? நீங்களும் பூனை வளர்க்கிறவர், உங்களுக்குத் தெரியாதா?

நாங்கள் கோபிப் பக்கம். வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஒரே பெண், மிருதுளா. இங்கே கோயமுத்தூரில்தான் காலேஜ் படித்தாள். கூடப் படித்த பையன் ஒருவன் இவனை வளர்த்தானாம். அவன் கனடாவுக்குப் போகும்போது இவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஊரில் மற்ற பிள்ளைகள் நாய்க்குட்டி கொண்டுவரும், கிளி கொண்டுவரும். என் பெண் கண்ணாடிப் பெட்டியோடு ஓணானைக் கொண்டுவந்து ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் வைத்தாள். பிஸ்கட் என்று பெயராம். பிஸ்கட் என்று கூப்பிட்டால் எனக்கு டீ குடிக்கத்தான் தோன்றுகிறது. அதனால் நான் துரை என்று கூப்பிட ஆரம்பித்தேன். லைட்டுக்கடியில் கல் மேல் கையையும் காலையும் பரப்பிப் படுத்திருப்பான். சாப்பாடு கொண்டுபோனால் ஒரு கண்ணை மட்டும் திறந்து, என்ன கொண்டுவந்தாய் என்று பார்ப்பான். துரைதானே?

அப்புறம் அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. அங்கே தங்கின விடுதியில் இதையெல்லாம் சேர்க்க மாட்டார்களாம். யாராவது சிநேகிதியிடம் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். எதற்குக் கண்ணு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொள்வேன் என்று சொன்ன வாயை எதில் கழுவுவது. அவள் ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு நின்ற நிலையில் எனக்குப் பாடம் நடத்தினாள். காலையில் லைட்டைப் போடவேண்டும், பொழுது சாய்ந்தால் அணைக்கவேண்டும். கீரை தினமும். பூச்சி வாரத்தில் இரண்டு மூன்று தடவை. இனிப்பு மட்டும் கூடவே கூடாது. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். நான் எட்டாவதோடு நின்றவள். பாடம் நடத்தினால் தலையை ஆட்டுவது மட்டும் அப்போதிருந்தே நன்றாக வரும்.

ஒன்று சொல்லவேண்டும். அவள் காலேஜில் இருந்தபோது வாரத்துக்கு ஒரு ஃபோன் வரும். சாப்பிட்டாயா, அப்பா எங்கே, சரி வைக்கிறேன். அவ்வளவுதான். இந்தத் துரையை என்னிடம் விட்டுப்போன நாளிலிருந்து தினமும் சாயங்காலம் ஃபோன். அதுவும் வீடியோவில். எடுத்ததும் முதல் வார்த்தை, பிஸ்கட்டைக் காட்டு என்பாள். அம்மா என்று ஒருத்தி ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே என்றெல்லாம் கிடையாது. நானும் விடவில்லை. துரையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு என் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துத்தான் காட்டுவேன். அவனைப் பார்த்தால் என்னையும் பார்த்துத்தானே ஆகவேண்டும். அதற்கென்று தலை வாரிப் பூ வைத்து, நல்ல சேலையாகக் கட்டிக்கொள்வேன். வீட்டுக்காரர் கேலி செய்வார், ஓணானைப் பெண் பார்க்க வருகிறார்களா என்று. அவருக்கு என்ன தெரியும்.

அவளும் அவனை ஒரு நிமிடம் பார்ப்பாள். அப்புறம் இன்றைக்கு என்ன குழம்பு, மேனேஜர் என்ன சொன்னான், பக்கத்து அறைப் பெண் ஷாம்பூவை எடுத்துவிட்டாள் என்று அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்பாள். துரை தோளிலேயே தூங்கிவிடுவான். எல்லாம் அவனைப் பார்க்கிற சாக்கில்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது புரட்டாசி வந்தது.

எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கக் கவிச்சி கிடையாது. முட்டை போட்ட கேக்கைக்கூட வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன். இவனுக்கோ பூச்சி. வெட்டுக்கிளி மாதிரி ஒன்று, டப்பாவில் உயிரோடு இருக்கும், பார்சலில் வரும். அடுப்படியில் பெருமாளுக்குத் தளிகை போட வடை தட்டிக்கொண்டிருக்கிறேன், பின்னால் அலமாரியிலிருந்து அதுகள் கிரீச் கிரீச் என்று கத்துகின்றன. நீங்களே சொல்லுங்கள், மனசு கேட்குமா? ஒரு வீடு என்றால் ஒரு விரதம். அவனும் எங்கள் வீட்டுச் சோற்றைத்தானே தின்கிறான். பூச்சியை எல்லாம் கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் அவிழ்த்து விட்டேன். புண்ணியம். அதுகள் அன்றைக்குச் சாயங்காலமே திரும்பி வந்து பீரோவுக்கு அடியில் குடியேறிவிட்டன. அது வேறு கதை.

துரையும் விரதம் இருந்தான். சும்மா சொல்லக்கூடாது, ஒரு முகச் சுளிப்பு இல்லை. முருங்கைக்கீரை, பூசணிப்பூ, பப்பாளி. சனிக்கிழமை ஆனால் சின்னதாக ஒரு நாமம் போட்டுவிடுவேன். அவனுக்கு நெற்றி சப்பை, நன்றாக நிற்கும். பக்கத்து வீட்டு லோகநாயகிகூட, உங்க துரைக்கு இருக்கற பக்தி எங்க வீட்டு ஆம்பளைகளுக்கு இல்லீங்க்கா என்று சொன்னாள். இன்றைக்கு நினைத்தாலும், கண் பட்டது அன்றைக்குத்தான்.

பூச்சி இல்லாததால் கொஞ்சம் வாடினான். வாடத்தானே செய்வான். சத்துக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அதே லோகநாயகி பழனிக்குப் போய்வந்து ஒரு டப்பா பஞ்சாமிர்தம் கொடுத்தாள். விரல் நுனியில் தொட்டு நீட்டினேன். நக்கினான். அப்படியே கண்ணை மூடிக்கொண்டான் பாருங்கள், எனக்குப் புல்லரித்துவிட்டது. வாழைப்பழம், வெல்லம், தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு. இத்தனை சத்து வேறு எதில் இருக்கிறது? தினமும் காலையில் ஒரு விரல், சாயங்காலம் ஒரு விரல். டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டாலே கண்ணாடியைப் பிறாண்டுவான். இனிப்புக் கூடாது என்று அவள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. மறக்குமா. ஆனால் இனிப்பு வேறு, பிரசாதம் வேறு இல்லையா?

லைட் விஷயமும் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் போடு, சாயங்காலம் அணை என்று அவள் சொன்னாள் அல்லவா. எனக்கு அப்போதே சந்தேகம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, எவனாவது பகலில் லைட் போடுவானா? பிள்ளை அவசரத்தில் மாற்றிச் சொல்லிவிட்டது என்று நினைத்து, நான் சரியாகச் செய்தேன். பகல் முழுக்க அணைத்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் சாமி விளக்கோடு சேர்த்து அவன் லைட்டையும் போட்டுவிடுவேன். விடிய விடிய எரியும். இருட்டில் பயப்படக்கூடாதல்லவா. அவள் ஃபோனில் பார்க்கும்போது லைட் பளிச்சென்று எரியும், அவளுக்கும் சந்தோஷம்.

இப்படியெல்லாம் பார்த்துப் பார்த்து வளர்த்தும் இவனுக்கு வாயில் புண் வந்தது என்றால், அது கண்ணேறு இல்லாமல் வேறு என்ன?

முதலில் சாப்பாட்டைத் தொடவில்லை. பஞ்சாமிர்தத்தைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்புறம் வாய் ஓரத்தில் நூல் மாதிரி எச்சில். இடது பக்கம் தாடை உப்பி, வெற்றிலை அடக்கியிருக்கிற மாதிரி ஆகிவிட்டது. உதட்டு ஓரத்தில் திரிந்த பால் மாதிரி வெள்ளையாக ஏதோ. கிட்டே போனால் ஒரு வாடை. உப்பு மிளகாய் சுற்றிப் போட்டேன். மிளகாய் நெடிக்கு எங்கள் இரண்டு பேருக்கும் இருமல் வந்தது, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாய்ப்புண் என்றால் மணத்தக்காளி என்று தெரியாதவர்கள் உண்டா? தேங்காய்ப்பால் விட்டு, காரமில்லாமல் கூட்டு வைத்து ஆற்றிக் கொண்டுபோனேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். வீட்டுக்காரர்தான் இரண்டு தட்டுச் சாப்பிட்டார். அவருக்கு வாயில் ஒன்றுமே இல்லை.

உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கவேண்டுமே. வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். வீட்டுக்காரர் கடையிலிருந்து குறடு எடுத்து வரட்டுமா என்று கேட்டார். அவருக்கு எதற்கும் குறடுதான். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது நாம் என்ன செய்வோம்? நாமும் வாயைத் திறந்து ஆ காட்டுவோம் அல்லவா. அதைத்தான் செய்தேன். பெட்டி முன்னால் உட்கார்ந்து, ஆ காட்டு சாமி, ஆ என்றேன். நான் ஒருத்தி திறந்தால் போதாது என்று அவரையும் உட்காரவைத்தேன். அவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஆ என்கிறார், நானும் ஆ என்கிறேன். துரை இரண்டு பேர் தொண்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. திரும்பிப் பார்த்தால் ஜன்னலில் லோகநாயகி, கையில் கறிவேப்பிலையோடு. கறிவேப்பிலையை ஜன்னல் கம்பியில் செருகிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு அதெல்லாம் பெரிதில்லை. ஃபோன்தான் பயம். சாயங்காலம் ஆனால் அடிக்குமே. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? நீ ஒன்றும் கிழிக்கவேண்டாம் என்று அந்த வாரமே வந்து தூக்கிக்கொண்டுபோய் யாரிடமாவது கொடுத்துவிடுவாள். அப்புறம் எதைக் காட்டு என்று எனக்குத் தினமும் ஃபோன் செய்வாள்? என் முகத்தையா? அதனால் வீக்கம் இல்லாத வலது பக்கத்தை மட்டும் காட்டினேன். இரண்டு நாள் சமாளித்தேன். மூன்றாம் நாள், அம்மா, அவனை இந்தப் பக்கம் திருப்பு என்றாள். திரும்ப மாட்டான் கண்ணு, இப்பல்லாம் கெழக்கப் பாத்துத்தான் உக்கார்றான் என்றேன். ஓணானுக்கு எதற்குக் கிழக்கு என்று கேட்டாள். புரட்டாசி என்றேன். அப்புறம், உன் முகம் ஏன் வாடியிருக்கிறது, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். அவனைப் பற்றித் துருவிக் கேட்கத்தான் அப்படிச் சுற்றி வளைக்கிறாள் என்று நினைத்து ஃபோனை வைத்துவிட்டேன்.

மறுநாள் இவனை ஒயர் கூடையில் வைத்து, துண்டைப் போட்டு மூடி, பஸ் ஏறி இந்த டாக்டரிடம்தான் வந்தோம். பறவை, பாம்பு, ஆமை எல்லாம் பார்ப்பாராம். சின்ன வயசுத் தம்பி. உள்ளே போனதும் எந்த ஊர், கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டேன். அவர் பதிலுக்கு, என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள், லைட் எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டார். எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். புரட்டாசி விரதத்தைச் சொன்னபோது எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டார். பஞ்சாமிர்தத்தை மட்டும் சொல்லவில்லை. பிரசாதத்தை எதற்கு ஆஸ்பத்திரியில் பேசுவது?

துரையைத் துண்டில் சுற்றிப் பிடித்து, தட்டையாக ஒரு குச்சியை உதட்டோரம் விட்டு நெம்பினார். திறந்துகொண்டது. உள்ளே பார்க்க முடியவில்லைங்க. ஈறெல்லாம் செக்கச் செவேல் என்று, பல்லோரத்தில் பழுப்பாகப் பிசின் மாதிரி அப்பிக்கிடந்தது. பஞ்சு சுற்றின குச்சியால் வழித்து வழித்து எடுத்தார். எடுத்ததை வெளிச்சத்தில் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"இதென்னங்கம்மா, ஏலக்கா வாசம் வருது?"

வெளிநாட்டு ஜாதி, வாயே அப்படித்தான் மணக்கும் போலிருக்கிறது என்றேன். வீட்டுக்காரர் சுவரில் இருந்த ஆமைப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் குச்சி நுனியில் கறுப்பாக ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். பேரீச்சம்பழத் தோல். அப்போதும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். இந்த மனுஷன்தான், பஞ்சாமிர்தம்ங்க தம்பி, தினமும் ரெண்டு வேளைங்க என்று ஆமைப் படத்திடம் சொல்வது மாதிரி சொல்லிவிட்டார்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. பொறுமையாகச் சொன்னார். இனிப்பும் பழமும் இவன் பல்லில் ஒட்டிக்கொண்டால் ஈறு அழுகிவிடுமாம். இவனுக்குப் பல் விழுந்தால் திரும்ப முளைக்காதாம். பகலில் சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காதாம், உடம்பில் எதிர்ப்புச் சக்தியும் இருக்காதாம். அப்படியே விட்டிருந்தால் புண் எலும்புக்குள் இறங்கி ஆளே போயிருப்பானாம். அதைச் சொன்னபோது மட்டும் அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அது துரையை வைத்து எடைபார்க்கிற மேஜையாம்.

ஒன்று கவனித்தீர்களா? பஞ்சாமிர்தம் தப்பு என்று டாக்டர் சொல்லவில்லை. அதை ஓணானுக்குக் கொடுத்ததுதான் தப்பாம். இதில் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அன்றைக்கே டப்பாவை லோகநாயகியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவளுக்குக் கோபம். கொடுத்தவள் அவள்தானே.

ஊசி போட்டார்கள். மருந்தைத் தண்ணீரில் டீ நிறத்துக்குக் கலந்து, பஞ்சுக் குச்சியில் தொட்டு, காலையும் மாலையும் ஈறைத் துடைக்கச் சொன்னார்கள். வீட்டுக்காரர் மறுபடி பூச்சி வாங்கிக்கொண்டு வந்தார். புரட்டாசி முடிய இன்னும் நாள் இருந்தது. பெருமாள் படத்துக்குத் திரை போட்டுவிட்டு, இது மருந்து, சாப்பாடு இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்கச் சொன்னேன். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன். கறுக் முறுக் என்று சத்தம் மட்டும் கேட்கும். எனக்கென்னவோ அந்தச் சத்தம் கேட்கக் கேட்க வயிறு நிறைந்தது. எனக்குப் பூச்சி பிடிக்காது, தெரியுமல்லவா. இவனையும் எனக்குப் பிடிக்காது.

முதல் நாள் துடைத்தபோது விரலைக் கவ்விவிட்டான். கத்தினேன். அவன் பயந்து தாடியைக் கறுப்பாக்கிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான். அப்புறம் என்ன, நான்தான் சமாதானம் செய்யவேண்டியிருந்தது. மடியில் போட்டுத் தாடையைத் தடவிக்கொண்டே, ஆ காட்டு சாமி, என் தங்கமல்ல, ஆ என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் திறந்தான் பாருங்கள். தானாக. குச்சி இல்லை, குறடு இல்லை. அதிலிருந்து நான் ஆ என்றால் ஆ என்பான். வீக்கம் வடிந்தது. எச்சில் நின்றது. கல் மேல் ஏறிப் படுத்து, ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்க ஆரம்பித்தான். துரை திரும்பி வந்துவிட்டான்.

தீபாவளிக்கு மிருதுளா வந்தாள். வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவளுடைய அப்பா எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. இவனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏம்மா எங்கிட்டச் சொல்லல என்று கேட்டாள். சொன்னா இவன எடுத்துட்டுப் போயிருவ, அப்பறம் நீ எதுக்கு ஃபோன் பண்ணப்போற என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. ஏன் அப்படிச் சொன்னேனோ. முறுக்கு சுட்ட அசதி.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் எழுந்து போய் மாடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். வந்து, நான் தனியா வீடு எடுத்துட்டேன், இவனைக் கூட்டிட்டுப் போறேன், நீயும் வா என்றாள். நான் எதற்கு என்றேன். சும்மா வா என்றாள். நேற்றும் கேட்டாள், இன்றைக்குக் காரில் வரும்போதும் கேட்டாள். எனக்குப் புரியாதா? ஓணானுக்கு வாய் கழுவ ஓர் ஆள் வேண்டும், அதுதான். பெற்ற தாயை ஓணானுக்கு ஆயா வேலைக்குக் கூப்பிடுகிறாள். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சரி, டாக்டர் சொல்லட்டும், ஆறியிருந்தால் நான் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

அதனால்தான் கேட்கிறேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால், இன்னும் ஒரு மாதமாவது எங்கள் வீட்டிலேயே இருப்பான். சாயங்காலம் ஃபோன் அடிக்கும். நான் ஒன்றும் அந்த ஃபோனுக்காகச் சொல்லவில்லை. வாய்க்காகச் சொல்கிறேன். இதோ பாருங்கள், ஆ காட்டு சாமி. பார்த்தீர்களா? சிவப்பாக இல்லை? ரோஸ் நிறமா? ரோஸ் என்றாலும் அதில் பாதி சிவப்புதானே. நன்றாகக் குனிந்து பாருங்கள், அந்த மூலையில். அங்கேயும் இல்லையா?

வந்துவிட்டாள். உள்ளே எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். சொல்ல நேரமில்லாமல் போய்விட்டது. பரவாயில்லை. உங்கள் பூனை எங்கள் பையை நக்குகிறது, கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பார்த்துவிட்டு வந்துவிட்டோம், உங்களை இன்னும் கூப்பிடவில்லையா? நல்லது. அவள் அங்கே மருந்து வாங்கிக்கொண்டிருக்கிறாள், அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

சுத்தமாக ஆறிவிட்டதாம். இவ்வளவு சுத்தமான வாயை நான் பார்த்ததே இல்லைங்கம்மா என்கிறார் அந்தத் தம்பி. புகழ்கிறாராம். எனக்கு அவர் வாயில் ஒரு குத்து விடலாம் போல இருந்தது. நன்றாகப் பாருங்கள் தம்பி, சிவப்பு தெரியவில்லையா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். டார்ச் அடித்துப் பாருங்கள் என்றேன். அடித்தார். அப்போதும் தெரியவில்லை. நீங்கள் ரோஸ் என்றாவது சொன்னீர்கள். அவர் அதைக்கூடச் சொல்லவில்லை.

அப்புறம் மிருதுளாவிடம், நீங்களே ஒரு தடவை திறந்து துடைத்துக் காட்டுங்கள், மறுபடி வராமலிருக்க அங்கே போயும் செய்யவேண்டுமே என்றார். அவள் பிடித்தாள். துரை தாடியைக் கறுப்பாக்கிக்கொண்டான். டாக்டர் பிடித்தார். வாலைச் சுழற்றி அவர் கையில் ஒன்று வைத்தான். இரண்டு பேரும் வேர்த்துப்போய் நின்றார்கள். நான் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் இவன் என்னைத் தேடிக் கழுத்தைத் திருப்புகிறான். எப்படிப் பேசாமல் இருப்பது? ஆ காட்டு சாமி என்றேன். குகை மாதிரி திறந்தான். டாக்டரும் தன்னை அறியாமல் வாயைத் திறந்துவிட்டார், பாவம்.

"அம்மாவையும் கூட்டிட்டுப் போயிருங்க மேடம். அதான் மருந்து."

"எத்தனை தடவ கூப்புடறதுங் சார்," என்றாள் மிருதுளா. "இவனுக்கு வாய் கழுவக் கூப்புடறேன்னு நெனச்சுக்கறாங்க. வேற எதுக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டாங்கன்னு நானும் அப்படியே நெனச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஒரு வெளி மனுஷர் முன்னால் அப்படிச் சொன்னால் நான் என்ன சொல்ல முடியும்? சரி, இவனுக்கு அந்த ஊர்த் தண்ணீர் பழகுகிற வரைக்கும் வந்து இருக்கிறேன் என்றேன். டாக்டருக்காகத்தான் சொன்னேன். அவள் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே ஒரே ஸ்பிரிட் வாடைங்க, எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஏனுங்க, பெங்களூர் ரொம்பக் குளிருமா? ஸ்வெட்டர் இரண்டு எடுத்துக்கொண்டால் போதுமா? தண்ணீர் பழக ஒரு மாதம் ஆகுமா, பொங்கல் வரைக்கும் ஆகுமா? அவசரப்பட்டு வந்துவிடக்கூடாது பாருங்கள், ஜீவன் சம்பந்தப்பட்ட விஷயம். வீட்டுக்காரருக்கு லோகநாயகியிடம் சோறு சொல்லிவிட்டேன். எப்போது என்றா? முந்தாநாள். ஒரு பேச்சுக்குச் சொல்லி வைத்தேன். பெட்டியும் ஒரு பேச்சுக்குத்தான் அடுக்கி வைத்திருக்கிறேன்.

இதோ, கூப்பிடுகிறாள். கேட்டீர்களா, அம்மா, அம்மா என்று வாசலில் நின்று எப்படிக் கூப்பிடுகிறாள். உங்களுக்கு விஷயம் தெரியாது, அதனால் சிரிக்கிறீர்கள். அம்மா என்றுதான் கூப்பிடுவாள். கூப்பிடுவது இவனைத்தான்.